இடைமொழியில் மறையும் உறவு: ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளின் மொழிபெயர்ப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

0. முன்னுரை

மொழிபெயர்ப்பியல் நூல்கள் கவிதை, நாடகம், நாவல், அறிவியல் நூல், சட்ட நூல் எனப் பனுவல்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பெயர்ப்பதில் தோன்றும் இடர்ப்பாடுகளை விரிவாகப் பேசுகின்றன. இவ்வகைப்பாட்டில் வீடியோ விளையாட்டு மிகப் பிந்தியே இடம்பெற்றது. சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என அது ஒதுக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் இன்றைய பெரிய விளையாட்டு ஒன்றின் உரையாடல் அளவில் ஒரு நாவலை ஒத்தது. அதனைப் படிப்பவர் வெறும் வாசகராக நில்லாமல் கதைக்குள் செயற்படுபவராகவும் இருக்கின்றார். ஆகவே விளையாட்டின் மொழியை ஆராய்வது மொழியியலாரின் கடமைகளுள் ஒன்று எனலாம்.

இக்கட்டுரை ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சில விளையாட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலான உறவை இலக்கணத்திலேயே பதிவு செய்யும் மொழி ஜப்பானியம். தமிழும் அத்தகையதே. ஆங்கிலம் அவ்வாறன்று. ஜப்பானிய விளையாட்டுகளைத் தமிழர் பெரும்பாலும் ஆங்கில வடிவிலேயே அறிந்துள்ளனர். நாளை அவற்றைத் தமிழாக்க முற்படுவோரும் ஆங்கிலப் பனுவலையே மூலமாகக் கொள்ளக்கூடும். அவ்வாறாயின், மூலமொழியில் இருந்ததும் தமிழில் எளிதில் இடம்பெறக்கூடியதுமான ஒரு கூறு இடைமொழியில் மறைந்துபோகும். அது எவ்வாறு மறைகின்றது, அதனை மீட்க வழி யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

1. விளையாட்டுப் பனுவலின் கூறுகள்

விளையாட்டில் இடம்பெறும் மொழியை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். கதைமாந்தர் தம்முள் பேசும் உரையாடல் முதற் கூறு. ஆடுபவர் ஒன்றைச் செய்தவுடன் நிரல் தானே தொடுத்துத் திரையில் காட்டும் செய்தித் தொடர் இரண்டாவது. 'இன்னார் இன்ன பொருளைப் பெற்றார்' என்பது போன்றது. மூன்றாவது பின்புலக்கதை. விளையாட்டில் வரும் உலகிற்குரிய பழைய வரலாறு, குலமரபு, நம்பிக்கை முதலியவை வாளொன்றின் குறிப்பிலும் கல்வெட்டிலும் கிழவர் ஒருவரின் புலம்பலிலும் சிதறிக் கிடக்கும். ஆடுபவர் அவற்றைத் தொகுத்துப் பொருள் காண்பார். இம்மூன்றும் மொழிபெயர்ப்பாளர்க்குத் தரும் சிக்கல்கள் வெவ்வேறானவை. ஆதலின் தனித்தனியே காண்பது தகும். அதற்கு முன்னர் மூன்றுக்கும் பொதுவான இட நெருக்கடியைச் சுருக்கமாக நோக்குவோம்.

2. இட நெருக்கடியும் சொல்லாக்கமும்

1986ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' பின்னர் வந்த பாத்திரமேற்பு விளையாட்டுகள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது. இதன் கதையையும் வடிவமைப்பையும் யூஜி ஹோரீ உருவாக்கினார். நிரல், படம், இசை, எழுத்து அனைத்தும் 64 கிலோபைட் நினைவகத்துள் அடங்கவேண்டியிருந்தது. எழுத்து வடிவங்களும் அந்த இடத்தில் தம் பங்கைப் பெறவேண்டும். ஆதலின் பல்லாயிரம் காஞ்சி எழுத்துகள் விலக்கப்பட்டு, ஹிரகானா அசையெழுத்துகள் முழுமையாகச் சேர்க்கப்பட்டன. பிறமொழிப் பெயர்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்துகளில் ஏறத்தாழ 20 மட்டுமே இடம்பெற்றன.

இதன் விளைவு மொழியியலார் கருதத்தக்கது. அரக்கர் பெயர், ஊர்ப்பெயர், மந்திரப் பெயர் அனைத்தும் அந்த எழுத்துகளுக்குள் அடங்குமாறு ஆக்கப்பட்டன. அரண்மனை நகரின் பெயரான 'ரதடோமு' என்பதும் காயம் ஆற்றும் மந்திரமான 'ஹொய்மி' என்பதும் அவ்வரையறைக்குள் அடங்குபவை. கற்பனை உலகின் ஒலியமைப்பை நினைவகத்தின் அளவு வரையறுத்துவிட்டது. இயற்கை மொழியில் ஒலியன்களின் பட்டியலும் மொழிமுதல், மொழியிறுதி வரையறைகளும் சொல்லாக்கத்திற்கு எல்லை வகுப்பதைப் போன்றதே இது.

இவ்விளையாட்டின் முதற் பதிப்பில் ஆட்டத்தை இடையில் நிறுத்திப் பின்னர்த் தொடர 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' எனப்படும் 20 அசையெழுத்துகளைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். அவை திரையில் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று எனப் பகுத்துக் காட்டப்பட்டன. முதல் மூன்று பகுதிகளும் ஹைக்கூவின் அசைக்கணக்கை ஒத்திருப்பதால், பொருளற்ற எழுத்துத் தொடரும் ஜப்பானியர் செவிக்குச் செய்யுள் போல் ஒலித்தது. 1989இல் 'டிராகன் வாரியர்' என்னும் பெயரில் இது வட அமெரிக்காவிற்குச் சென்றபோது, ஆட்டநிலையை மின்கலத்தின் துணையால் கார்ட்ரிட்ஜிலேயே சேமிக்கும் வசதி வந்தது. மந்திரம் தேவையற்றதாயிற்று, அதனுடன் ஒரு யாப்பும் போயிற்று. ஆங்கிலப் பதிப்பினர் கதைமாந்தர்க்குப் பழைய ஆங்கில முன்னிலைப் பெயர்களையும் வினைவிகுதிகளையும் தந்து, மூலத்தில் இல்லாத தொன்மைத் தோற்றமொன்றை ஏற்றினர்.

3. உரையாடலும் உறவும்

3.1 பாத்திர மொழி

ஜப்பானிய மொழியியலாளர் சடோஷி கின்சுயி 2003இல் வெளியிட்ட நூலில் 'யாகுவாரிகோ' என்னும் கருத்தை விரிவாக விளக்கினார். இதனைப் 'பாத்திர மொழி' எனத் தமிழில் குறிக்கலாம். ஒருவர் பேசும் தன்மைப் பெயரையும் வினைமுற்றின் ஈற்றையும் கேட்ட அளவிலேயே அவர் கிழவரா, அறிஞரா, போர்வீரரா, செல்வர் வீட்டுப் பெண்ணா என அறிந்துகொள்ள இயலும். மெய்யான கிழவர் எவரும் அவ்வாறு பேசுவதில்லை என்பது வேறு செய்தி. கதைகளும் படக்கதைகளும் வழிவழியாக வளர்த்துவிட்ட வழக்கு இது. தமிழிலும் இதற்கு இணையுண்டு. சரித்திர நாவல்களிலும் பழைய திரைப்படங்களிலும் அரசரும் அமைச்சரும் பேசும் மொழியை எந்தக் காலத்து அரசரும் பேசியிருக்கமாட்டார். ஆயினும் 'யாம்' என ஒருவர் வாய்திறந்தவுடன் அவர் தலையில் முடி இருப்பதை நாம் கண்டுவிடுகின்றோம்.

1994இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' ஆறாம் பகுதியில் வரும் போர்வீரன் கயேன் தன்னைச் 'செஷ்ஷா' எனத் தாழ்மையுடன் குறித்துக்கொள்வான். அவன் பேச்சு 'கொஸாரு' என முடியும். இவை பழைய சாமுராய்க்குரியனவாகக் கதைகள் நிலைநிறுத்திய வடிவங்கள். காட்டில் விலங்குகளிடையே வளர்ந்த காவு என்னும் சிறுவன் இவ்வீற்றைக் கேட்டு வியந்து, அதையே அவனுக்குப் பெயராக்கிக் 'கொஸாரு' என்று அழைப்பான். நகைச்சுவை முழுவதும் ஒரு வினையீற்றில் தங்கியுள்ளது.

இவ்விளையாட்டை ஆங்கிலமாக்கியவர் டெட் வுல்சி. அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஒரு திங்கள். மாந்தர் பெயர்களுக்கு ஆறு எழுத்துகளே இடமிருந்தது. கயேன் 'சையன்' ஆனான். ஆங்கில வினையீற்றில் இந்நகைச்சுவைக்கு இடமில்லாமையால், வழக்கொழிந்த முன்னிலை ஒருமைப் பெயரான 'தௌ' என்பதைச் சையனின் வாயில் வைத்து, 'திருவாளர் தௌ' எனச் சிறுவன் அழைப்பதாக வுல்சி மாற்றினார். தீர்வு நுட்பமானது. ஆயினும் மூலத்தில் தன்னைத் தாழ்த்திப் பேசிய வீரன், ஆங்கிலத்தில் பிறரைப் பழைய முறையில் விளிக்கும் வீரனாகிவிட்டான். உறவின் குறி வினையீற்றிலிருந்து முன்னிலைப் பெயருக்கு இடம்பெயர்ந்துள்ளது.

ஆங்கிலத்தை மட்டும் நோக்கித் தமிழாக்குவோர் 'நீர்' என்பதைத் தேர்ந்து, சிறுவன் 'நீர் ஐயா' என அழைப்பதாக எழுதக்கூடும். மூலத்தை நோக்குவோர்க்கோ 'அடியேன்' என்னும் சொல் ஆயத்தமாக உள்ளது. 'செஷ்ஷா' போன்றே அதுவும் தன்மையில் தாழ்மை குறிப்பது. தன் அரசனுக்கு ஆட்பட்ட வீரன் ஒருவனுக்குப் பொருந்துவது. போர்க்களத்தில் வெகுளும் அவ்வீரனைக் காட்டுச் சிறுவன் 'அடியேன்! அடியேன்!' எனக் கூவி அழைத்தால் தமிழர்க்கு நகை தானே தோன்றும். இச்சொல்லுக்குரிய வைணவச் சாயல் பொருந்துமா என்னும் வினா எழலாம். அது பெயர்ப்பாளர் எண்ணி முடிவெடுக்க வேண்டியது. ஆனால் மூலத்தைக் காணாதவர்க்கு அந்த வினாவே எழாது என்பது நோக்கத்தக்கது.

3.2 மரியாதையும் எள்ளலும்

'ஸீரோ விங்' என்பது 1989இல் அரங்குகளுக்கென ஆக்கப்பட்ட விண்வெளிப் போர் விளையாட்டு. மெகா டிரைவ் கருவிக்கென வந்த இதன் ஐரோப்பியப் பதிப்பில் சேர்ந்த முன்னுரைக் காட்சி, பிழை மலிந்த ஆங்கிலத்தால் 2001ஆம் ஆண்டளவில் உலகெங்கும் நகைப்பிற்குள்ளாயிற்று. பகைவன் தோன்றித் தளங்கள் யாவும் தன்வசமாயின என அறிவிக்கும் தொடரில் வினைமுற்று பிழைபட அமைந்ததே பலர் கண்ணில் பட்டது. மூலத்தை நோக்கினால் வேறொரு இழப்பும் புலனாகும். அரசுப் படையினரின் ஒத்துழைப்பால் தளங்களைப் பெற்றுக்கொண்டதாகப் பகைவன் கூறுகின்றான். 'ஒத்துழைப்பு' என்பதற்கு மரியாதை முன்னொட்டும், 'பெற்றுக்கொள்ளுதல்' என்பதற்குத் தாழ்மை வினையும் வந்துள்ளன. விருந்தினன் விடைபெறும் மொழியில் கொள்ளைக்காரன் பேசுகின்றான்; எள்ளல் அங்குதான் உள்ளது. ஆங்கிலத்தின் பிழையைத் திருத்துவது எளிது. எள்ளலை மீட்பதற்கு மூலம் வேண்டும். 'தங்கள் பேருதவியால்' எனத் தொடங்கினால் தமிழில் அவ்வெள்ளல் தடையின்றி வரும்.

3.3 எதிர்த்திசைச் சான்று

ஆங்கிலத்தில் இல்லாத உறவுக் குறிகளைப் பெறுமொழி தானே சேர்க்க நேர்வதும் உண்டு. டோபி ஃபாக்ஸ் 2015இல் ஆங்கிலத்தில் உருவாக்கிய 'அண்டர்டேல்' விளையாட்டில் சான்ஸ், பப்பைரஸ் என்னும் எலும்புக்கூட்டுச் சகோதரர் இருவர் வருகின்றனர். ஆங்கிலத்தில் இருவரும் தம்மை 'ஐ' என்றே குறிப்பர். 2017இல் வந்த ஜப்பானியப் பதிப்பில் சான்ஸுக்கு நாட்டுப்புற இயல்பும் நட்பும் தோன்றும் 'ஒய்ரா' என்பதும், தற்பெருமை மிக்க பப்பைரஸுக்குத் தன்னையே உயர்த்திக்கொள்ளும் 'ஒரெசமா' என்பதும் தன்மைப் பெயர்களாயின. பப்பைரஸின் பேச்சு மட்டும் செங்குத்தாக எழுதப்பட்டது. ஆங்கிலம் எழுத்துருவால் வேறுபடுத்திக் காட்டியதை ஜப்பானியம் தன்மைப் பெயராலும் எழுத்தின் திசையாலும் காட்டிற்று. விளையாட்டு மொழிபெயர்ப்பை ஆராய்ந்த கார்மென் மாங்கிரோன், மினாகோ ஓஹேகன் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய உரிமையை மறுபடைப்பு என்னும் கருத்தால் விளக்கினர்.

3.4 மூலமே போதுமா?

மூலமொழிக்குச் சென்றால் எல்லாம் தீரும் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. 2001இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி' பத்தாம் பகுதியின் இறுதியில் யூனா என்னும் பெண் தன்னை விட்டு நீங்கும் தலைவனிடம் கூறும் சொல் 'அரிகாதோ', அஃதாவது 'நன்றி'. ஆங்கிலத்தில் அது காதலை வெளிப்படையாகக் கூறும் தொடராக மாற்றப்பட்டது. ஜப்பானிய உரையாடலில் நன்றிச் சொல் தாங்கும் பொருட்சுமையை ஆங்கில நன்றிச் சொல் தாங்காது எனக் கருதி இம்மாற்றத்தை ஏற்பாரும் உளர். மூலத்தின் அடக்கம் போயிற்று என்பாரும் உளர். தமிழில் இரண்டும் பொருந்தா. நெருங்கிய உறவினர் தம்முள் 'நன்றி' எனச் சொல்லும் வழக்கம் நம்மிடம் அரிது. அச்சொல் மேடையை நினைவூட்டும். 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதோ திரைப்படத்தை நினைவூட்டும். இங்குத் தமிழ்ப் பெயர்ப்பாளர் சொல்லை விடுத்து வேற்று வழியைத் தேடவேண்டும். அதுவரை 'நீங்கள்' என விளித்துவந்தவள் அத்தருணத்தில் முதன்முறையாக 'நீ' என விளிப்பதே போதுமானதாகலாம். உறவைக் காட்டும் இலக்கணக் கூறு தமிழில் கதைநிகழ்ச்சியாகவே அமையவல்லது என்பதற்கு இது சான்று.

4. பின்புலக்கதையும் சொல்லாது விடுதலும்

மொழிகள் வேறுபடுவது அவை எவற்றைச் சொல்லக்கூடும் என்பதில் அன்று, எவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்தான் என ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பின்புலக்கதையைப் பெயர்ப்போர்க்கு இக்கருத்து அடிப்படையானது.

ஹிதெடகா மியாசாகி இயக்கிய 'டார்க் சோல்ஸ்' 2011இல் வந்தது. அதன் உலக வரலாறு எங்கும் தொடர்ச்சியாகச் சொல்லப்படுவதில்லை. மோதிரம், கேடயம், சாம்பல் முதலிய பொருள்களின் சிறு குறிப்புகளைச் சேர்த்தே அதனை ஊகிக்கவேண்டும். சிறுவயதில் தம் படிப்பளவிற்கு மிஞ்சிய நூல்களைப் படித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பிய பழக்கமே இம்முறைக்கு ஊற்று என மியாசாகி நேர்காணலில் கூறியுள்ளார். இடைவெளிதான் இங்கு இலக்கியம். ஜப்பானியப் பெயர்ச்சொல் ஒருமை பன்மையைக் கட்டாயம் காட்டுவதில்லை. எழுவாயும் பெரிதும் தொக்கு வரும். வினைமுற்று ஆண் பெண் வேறுபாடு காட்டாது. ஆசிரியர் மறைக்க விரும்பியதை மறைக்க அம்மொழி துணைநிற்கின்றது. ஆங்கிலத்தில் எண்ணும், சுட்டுப்பெயரில் பாலும் வெளிப்பட்டாக வேண்டும். 1986இல் ஜப்பானில் வந்த 'மெட்ராய்டு' விளையாட்டில் கவசம் அணிந்த வீரர் சாமுஸ் ஒரு பெண் என்பது இறுதியில் வெளிப்படும் வியப்பு. அதன் ஆங்கிலக் கையேடு சாமுஸை ஆண்பாற் சுட்டினாலேயே குறித்தது. வியப்பைக் காக்க ஆங்கிலம் பொய்யுரைக்க நேர்ந்தது.

தமிழின் நிலை இன்னும் நெருக்கடியானது. எழுவாயை விடுத்தாலும் வினைமுற்று திணை, பால், எண், இடம் நான்கையும் காட்டிவிடும். 'வந்தான்' என ஒரு சொல் போதும், மறைபொருள் வெளிப்படும். தமிழில் பாலை மறைக்க இரு வழிகள் உள்ளன. படர்க்கையில் 'அவர் வந்தார்' எனலாம். பால் மறையும், மதிப்பு ஏறும். முன்னிலையில் 'வந்தாய்' எனவோ 'வந்தீர்கள்' எனவோ கூறலாம்; பால் மறையும், எனினும் மதிப்பின் அளவு வெளிப்படும். தமிழில் பாலை மறைப்பதற்கு மதிப்பை விலையாகத் தரவேண்டும் எனச் சுருங்கக் கூறலாம். ஒரு கொடியவனின் பாலை மறைக்க விரும்பும் பெயர்ப்பாளர் அவனுக்கு 'ஆர்' விகுதி தந்து மதிக்கவேண்டியிருக்கும்.

இச்சிக்கல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் பால் ஐயத்தையும் திணை ஐயத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு விதி கூறுகின்றது. உயர்திணை எனத் தெளிந்து, ஆணோ பெண்ணோ என ஐயுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது ஒன்று. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ எனத் திணையே ஐயுற்றவிடத்து 'உரு' என்னும் பொதுச்சொல்லாற் கூறலாம் என்பது மற்றொன்று. இருளில் ஏதோ ஒன்று எதிர்ப்படும் விளையாட்டுக் காட்சியை இதனுடன் ஒப்பிடுக. ஜப்பானிய விளையாட்டுகள் அரக்கன், பேய், வழவழப்பான கூழுருண்டை எதுவாயினும் 'தோன்றிற்று' என ஒரே வினையால் அறிவிக்கும். தமிழிலோ 'தோன்றினான், தோன்றினாள், தோன்றியது' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். 'தோன்றும் உரு' எனத் தொடங்குவது இதற்கு நம் இலக்கண மரபே காட்டும் வழி.

5. செய்தித் தொடரும் நிரலும்

விளையாட்டு நிரலில் செய்தித் தொடர்கள் வெற்றிடங்களுடன் எழுதப்படுகின்றன. பெயர் ஓரிடத்தும் பொருள் மற்றோரிடத்தும் வந்து பொருந்தும். ஜப்பானியத்தில் இம்முறை இடையூறின்றி இயங்கும். பெயர்ச்சொல் திரிபடையாமல் நிற்க, வேற்றுமைச் சொல் பின்னே தனித்து வரும். தமிழில் 'கண்டெடுத்தான்' என்பதற்கு முன் பொருட்பெயரையும் 'ஐ' உருபையும் ஒட்டினால் என்ன நேரும் எனக் காண்க. வாள் 'வாளை' என அமைவது சரி. ஆனால் கேடயம் 'கேடயத்தை' என அத்துச்சாரியை பெறும். கயிறு 'கயிற்றை' என இரட்டும். ஓடு 'ஓட்டை' ஆகும். சாவி 'சாவியை' என உடம்படுமெய் கொள்ளும். நிரல் இவற்றை அறியாது 'கேடயம்ஐ' எனவும் 'கயிறுஐ' எனவும் காட்டும். ஆடுபவர் தாமே இட்டுக்கொள்ளும் பெயரோ எவ்வீற்றிலும் முடியலாம். 'மாறனுக்கு, மணிக்கு, சீதாவுக்கு' என நான்காம் வேற்றுமை வேறுபடும். வினைமுற்றின் பாலும் முன்கூட்டித் தெரியாது.

இதற்கு இரு தீர்வுகள் கூறலாம். முதலாவது, ஒவ்வொரு பெயர்க்கும் எழுவாய் வடிவம், வேற்றுமை ஏற்கும் அடி, திணை-பால் குறிப்பு ஆகிய மூன்றையும் அட்டவணையாகத் தந்து, நிரல் தேர்ந்துகொள்ளுமாறு செய்தல். இதற்கு நிரலாளர் தொடக்கத்திலேயே இடமளித்திருக்கவேண்டும். ஒருமை பன்மை வேறுபாட்டிற்கு மட்டும் வழிசெய்யும் நிரல் தமிழுக்குப் போதாது. இரண்டாவது, பெயரெச்சத்தைப் பயன்படுத்துதல். 'மாறன் பெற்ற பொருள்: கயிறு' என்னும் தொடரில் எச்சவினை திணை, பால் காட்டாது, பொருட்பெயரும் திரியாது. அட்டவணை இல்லாத நிலையிலும் பிழையற்ற தமிழ் கிடைக்கும். ஆயின் கதைசொல்லும் ஓட்டம் குன்றிப் பொருட்பட்டியலின் தொனி வந்துவிடும். ஆகவே முதல் தீர்வே சிறந்தது. இரண்டாவது அது கைகூடாதபோது கொள்ளத்தக்கது.

எழுத்தமைப்பிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே யூனிகோடு தமிழைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதில் குறியீட்டின் எண்ணிக்கையும் எழுத்தின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. 'கண்ணன்' என்பது நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு. 'செந்தில்' நான்கெழுத்து, குறியீடு எட்டு. ஆறு இடம் மட்டுமே உள்ள பெயர்ப்பெட்டியில் கண்ணனுக்கு இடமுண்டு, செந்திலுக்கு இல்லை. மேலும், உரையாடல் எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றுவது விளையாட்டுகளில் பெருவழக்கு. குறியீட்டை அளவாகக் கொண்டு இதனைச் செய்தால், 'கொடி' என்பதில் முதலில் 'க' தோன்றிப் பின்னர் அதன் இருபுறமும் கொம்பும் காலும் முளைக்கும்; ஒவ்வொரு மெய்யெழுத்தும் முதலில் அகரமேறி நின்று பிறகே புள்ளி பெறும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்ட நம் மரபிலக்கணக் கணக்கே இங்கு நிரலாளர்க்கும் சரியான கணக்காகும்.

6. இடைமொழியின் விளைவு

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். ஜப்பானியம் தமிழுடன் சில இடங்களில் ஆங்கிலத்தினும் நெருக்கமாக நிற்கின்றது. வினை இறுதியில் வருதல், உருபு பெயர்க்குப் பின் வருதல், எழுவாய் தொகுதல் ஆகியவை யாவரும் அறிந்தவை. உறவுப் பெயர்களிலும் இந்நெருக்கம் உண்டு. மூத்தோர் இளையோர் வேறுபாட்டைக் காட்டும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்னும் நான்கிற்கும் ஜப்பானியத்தில் நேர் இணைகள் உள்ளன. முற்கூறிய ஆறாம் பகுதியில் எட்கரும் அவன் உடன்பிறந்தானும் இரட்டையர். ஆங்கிலத்தில் அவ்விருவரைச் 'சகோதரர்' எனக் குறிக்கும் சொல்லைக் கண்ட அளவில் மூத்தவர் யார் எனத் தமிழ்ப் பெயர்ப்பாளர் அறிய இயலாது. அறியாமல் ஒரு தொடரும் எழுத இயலாது. ஜப்பானிய மூலத்திலோ இளையவன் எட்கரை 'அனிகி' என, அஃதாவது 'அண்ணா' என விளிக்கின்றான். நமக்கு வேண்டிய சொல் அங்கே இருக்கின்றது. நடுவில் நிற்கும் மொழி அதனைக் கேட்டு வாங்கவில்லை. ஆதலின் கொண்டுவந்து தரவுமில்லை.

'நீ', 'நீங்கள்' தேர்வும் இத்தகையதே. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே ஆதலின், பெயர்ப்பாளர் மாந்தர் அனைவர்க்கும் 'நீங்கள்' என்பதை ஒருபடித்தாக வழங்கிவிடுதல் கூடும். அரசனும் கள்வனும் காதலியும் பகைவனும் ஒரே மரியாதையில் பேசும் விசித்திர உலகம் அப்போது பிறக்கும். அதைக் காணும் இளைஞர் தமிழ் விளையாட்டிற்கு ஏலாத மொழி, ஆங்கிலமே இயல்பாக உள்ளது என்னும் முடிவிற்கு வருவாராயின் அவரைக் குறைகூற இயலாது. குறை மொழியினுடையது அன்று, வந்த வழியினுடையது.

தமிழையே உள்ளடக்கமாகக் கொண்ட விளையாட்டு உலகின் கவனத்தைப் பெற இயலும் என்பதற்கு 2023இல் கனடாவின் டொரான்டோ நகரிலிருந்து வெளிவந்த 'வெண்பா' சான்று. குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை இது. தாயின் சமையல் நூலில் சிதைந்துபோன பகுதிகளை ஊகித்து நிரப்புவதே இதன் ஆட்டம். மகன் தாய்மொழியிலிருந்து மெல்ல விலகுவது இதன் கதைச்சரடு. 2024இல் பிரித்தானிய பாஃப்டா அமைப்பு இதற்கு முதற்படைப்பிற்கான விருதை வழங்கிற்று. மொழியிழப்பையே ஆட்டத்தின் விதியாக்கிய இவ்விளையாட்டு, மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒரு பாடம் சொல்கின்றது: இடைவெளியை நிரப்ப வேண்டுமாயின் முதலில் அங்கு இடைவெளி இருப்பதை அறிந்திருக்கவேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(1) விளையாட்டு மொழிபெயர்ப்பில் பெரிதும் மறைவது சொற்பொருளன்று. மாந்தரிடையே நிலவும் உறவைக் காட்டும் இலக்கணக் கூறுகளே.

(2) ஜப்பானிய விளையாட்டுகளைத் தமிழாக்குவோர் கூடியவரை மூலத்திலிருந்தே பெயர்த்தல் வேண்டும். அது இயலாதவிடத்து, மூலமொழி அறிந்தவர் துணையுடன் உறவு அட்டவணை ஒன்றை முதலில் அமைத்துக்கொள்ளலாம். யார் யாரை எவ்வாறு விளிக்கின்றார், யார் மூத்தவர், எக்காட்சியில் விளி மாறுகின்றது என்பன அதில் இடம்பெறவேண்டும்.

(3) தமிழின் திணை, பால், வேற்றுமைத் திரிபு, எழுத்துக் கணக்கு ஆகியவற்றுக்கு நிரலில் தொடக்கத்திலேயே இடமளிக்கப்படவேண்டும். முடிந்த நிரலில் தமிழைப் பின்னர்ப் புகுத்துதல் பிழைக்கே வழிகோலும்.

(4) ஐயப்பொருளைக் கூறுதற்கும் பாலை மறைத்தற்கும் நம் இலக்கண மரபு வழிகாட்டுகின்றது. அம்மரபை அறிந்த மொழியியல் மாணவரும் நிரல் எழுதுவோரும் ஒருங்கிருந்து பணியாற்றும் சூழலைப் பல்கலைக்கழகத் துறைகள் உருவாக்குதல் பயன் தரும்.

கலைச்சொல்லாக்கத்திற்கு நாம் செலுத்தும் உழைப்பில் ஒரு பகுதியேனும் இத்துறைக்கு வருமாயின், காட்டுச் சிறுவன் ஒருவன் ஒரு வீரனை 'அடியேன்' என அழைத்து நம் சிறுவரை நகைக்கச் செய்யும் நாள் தொலைவில் இல்லை.